நாய்ச் சோறு

நாய்க்கு எவ்வகை உணவு ஏற்றது என்று ஆராயப் புகுந்தால் நகைப்போர் பலர் உளர். "மனிதனுக்கே நல்ல சோறு கிடைக்காத உலகில் நாய்க்கு ஆகார ஆராய்ச்சியா?" என்று கேட்போரையும் நான் அறிவேன். அக்கேள்வி ஏளனத்தால் மட்டும் பிறப்பதன்று. அதனுள் ஒரு பழைய வடுவும் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அவ்வடு இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. நகரத்து நேயர்களின் பொருட்டு அதனைச் சிறிது சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

என் பாட்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவின் சமையற்கட்டில் எடுபிடி வேலை பார்த்தவர். பங்களாவில் இரண்டு நாய்கள் இருந்தனவாம். அவற்றிற்கு நாள்தோறும் தனியே இறைச்சி வேகும். வெந்ததைச் சூடாற்றி, எலும்பு நீக்கித் தட்டிலிட்டு, அவை உண்டு முடிக்கும் வரையில் காத்திருந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்த பின்னரே பாட்டி லயத்திற்குத் திரும்பி மரவள்ளிக் கிழங்கை அடுப்பிலேற்றுவார். "துரை வீட்டு நாயாய்ப் பிறந்திருக்கலாம்" என்பது அக்காலத்து லயங்களில் வேடிக்கையாகவும் பெருமூச்சாகவும் வழங்கிய பேச்சு. லயத்து நாய்களுக்கோ கழுநீரும் வழித்தெறிந்த பருக்கையுமே கதி. ஆகவே "நாய்ச் சோறு" என்ற ஒரே சொல்லுக்குக் குன்றின்மேல் ஒரு பொருளும் குன்றின்கீழ் வேறொரு பொருளும் இருந்தன. குன்றின்கீழ் அது வசைச்சொல். இன்றும் ஒருவன் தட்டிலே கறி குறைந்தால் அச்சொல்லை எடுத்து வீசுகிறான்.

இந்த வடுவை நான் மறுக்கவில்லை. மனிதன் பட்டினி கிடக்க நாய்க்குக் கறி வெந்தது அநீதியே. ஆனால் அந்த அநீதியைச் செய்தது நாயன்று. துரையின்மேல் இருக்க வேண்டிய கோபத்தை நம் வாசலில் படுத்திருக்கும் ஓர் உயிரின் வயிற்றின்மேல் காட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

நான் கணக்கெழுதும் பெக்கோக் வட்டாரத்தில் இப்பொழுது வெள்ளைத் துரையும் இல்லை. பால்மரமும் பெரும்பாலும் இல்லை. பார்க்குமிடமெல்லாம் செம்பனையே. லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே இருப்புப்பாதை ஓரத்தில் அமைந்த சிற்றூர் இது. எண்டாவ் ரொம்பின் தேசிய வனத்திற்குச் செல்லும் வாயில்களுள் ஒன்றான சிலாய்க்கு இவ்வூர் வழியாகவே போகவேண்டும். காடு அண்மையில் இருப்பதால் காட்டுப்பன்றியும் பாம்பும் குரங்கும் இங்கே புதியவை அல்ல. இளைஞர் பலர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டனர்; லயங்களில் எஞ்சியிருப்போருள் முதியோரே மிகுதி. அவர்களுக்கு இரவில் துணை நாய் ஒன்றுதான். அது நமக்கு அலங்காரப் பொருளன்று, காவற்காரன். இந்தக் காவற்காரனுக்கு நாம் கொடுக்கும் சம்பளம் சோறு மட்டுமே. சம்பளக் கணக்கு எழுதுவதே என் தொழிலாகையால், இச்சம்பளம் நேர்மையாக அளக்கப்படுகிறதா என்று பார்க்கும் ஆசை எனக்கு உண்டாயிற்று. மேலும், வளர்ப்பவன் தன் விலங்கிற்குத் தக்க உணவளிப்பது கடமையென்று 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் கூறுகிறது. அது 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டத்திற்கு அஞ்சித்தான் சோறிட வேண்டுமென்பதில்லை. ஆயினும் அறிந்திருப்பது நன்று.

கடையில் விற்கும் நாய்த் தீனியின் வரலாறே சுவையானது. 1860ஆம் ஆண்டையொட்டி, ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் இடிதாங்கி விற்க இலண்டன் சென்றிருந்தார். கப்பலில் மிஞ்சிய கட்டி ரொட்டியைத் துறைமுகத்து நாய்கள் கடித்துத் தின்பதைக் கண்டு, கோதுமை மாவும் காய்கறியும் இறைச்சியும் சேர்த்து நாய்க்கென்றே ரொட்டி சுட்டு விற்கத் தொடங்கினார் என்பர். வாங்கியவர்கள் வேட்டை நாய் வளர்த்த சீமான்கள். அவரிடத்தில் இளமையிலே வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் கிரப்ட் என்பவரே 1891இல் தம் பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியை இலண்டனில் தொடங்கியவர். தீனி விற்பனையும் நாய்ப் பெருமையும் அன்று முதலே இரட்டைப் பிள்ளைகளாக வளர்ந்தன என்பதை இதனால் அறியலாம். ஆகவே மூட்டையின் முன்புறம் நாயை நோக்கிப் பேசுவதே இல்லை. பணப்பையை உடையவனை நோக்கியே பேசுகிறது. ஓநாய்ப் படமும் பனிமலையும் பச்சைப் பட்டாணியும் கொழுத்த கோழித் தொடையும் யாருடைய கண்ணுக்காக வரையப்பட்டன? நாய்க்குப் படிக்கவும் தெரியாது. படம் பார்த்துப் பசியாறவும் தெரியாது.

இனி நாயின் உடலைப் பார்ப்போம். "நாய் ஓநாயின் வழி வந்தது, அதற்கு இறைச்சியே உணவு, சோறு ஆகாது" என்று ஒரு கட்சியார் சொல்கின்றனர். "நாய் எதையும் தின்னும், சோறும் குழம்பும் போதும்" என்று மற்றொரு கட்சியார் சொல்கின்றனர். இரண்டும் அரைகுறை. 2013இல் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தாரை உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டனர். மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் நாய்க்குப் பன்மடங்கு பெருகியிருப்பதை அவர்கள் கண்டனர். மனிதன் உழுது விளைத்த தானியத்தைப் பல்லாயிரம் ஆண்டுகள் பங்கிட்டுக்கொண்ட உறவு அதன் இரத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நன்கு வெந்த சோறு நாய்க்குப் பகையன்று. ஆனால் சோறு மட்டும் இட்டால் புரதமும் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் போதா. தனி இறைச்சியாவது போதுமோவெனில், அதுவும் போதாது. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்தோ மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு வெறும் கறியையே இட்டுவந்தால் அதன் எலும்பு வலுவிழந்து கால் வளையும். எளிதில் முறியவும் கூடும். செல்லமாக வளர்த்த பணக்கார வீட்டுக் குட்டிக்கு நேரும் நோய் இது!

மூட்டையைப் படிக்கும் வித்தைக்கு வருவோம். எங்கள் தோட்டத்தில் எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வசிக்கிறார். அவர் வளர்க்கும் செவலை நாய்க்கு வீரன் என்று பெயர். அதன் மயிர் கொட்டித் தோல் சொறிபிடித்திருந்தது. ஒருநாள் அவர் ஆபீசு வாசலில் வந்து நின்று, ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

"தம்பி, நீங்கள் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்களேன். இதைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் வீரனுக்கு இப்படி."

"பாட்டி, இந்தப் பையில் எழுத்தே இல்லையே! நான் எதைப் படிப்பது?"

"கடையில் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தார்கள். நான் எழுத்தையா கேட்டேன்? இரண்டு கிலோ கேட்டேன்."

முதற்பாடம் அதுதான். சில்லறையாக நிறுத்து வாங்குவது குற்றமன்று. ஏழைக்கு அதுவே வழி. ஆனால் எந்த மூட்டையிலிருந்து அள்ளினார்கள் என்று கேட்டு, அதன் பின்புறத்தையும் காலாவதித் தேதியையும் பார்க்கும் உரிமை இரண்டு கிலோ வாங்குபவருக்கும் உண்டு. பிரித்த மூட்டை எத்தனை வாரம் வாய் திறந்து கிடந்ததென்றும் கேட்கவேண்டும். நம் நாட்டின் ஈரக் காற்றில் தீனியின் கொழுப்பு விரைவில் சிக்கலடிக்கும், பூஞ்சணமும் ஏறும். பூஞ்சண நஞ்சு சிறிய காரியமன்று. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில், சோளத்திலே தோன்றிய அத்தகைய நஞ்சு கலந்த தீனியைத் தின்று பல நாய்கள் ஈரல் கெட்டு மாண்டன. இங்கே காற்றுப் புகாத மூடியுள்ள வாளியில், மூட்டையோடு சேர்த்தே வைத்து மூடுவது நலம்.

மறுவாரம் பாட்டியோடு கடைக்குச் சென்று மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நாம் காண வேண்டியவை சிலவே. இது தன்னளவில் முழுமையான உணவா, அல்லது மற்ற உணவோடு சேர்க்கும் துணையுணவா என்று ஒரு வாக்கியம் இருக்கும். குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதும் அங்கேயே இருக்கும். அவ்வாக்கியம் இல்லாத மூட்டையை, முன்புறம் எத்துணை அழகாயிருப்பினும், கடையிலேயே விட்டுவிடலாம் என்பது என் துணிபு. அடுத்து, கலந்த பொருள்களின் பட்டியல். அமெரிக்க விதியிலும் அதனைத் தழுவிய பிற நாட்டு வழக்கிலும், எடையில் மிகுந்தது முதலில் நிற்கும். இங்கே ஒரு தந்திரம் உண்டு. பச்சைக் கோழியிறைச்சி முதலில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதிலுள்ள நீர். வெந்து உலர்ந்த பிறகு அதன் எடை சுருங்கிவிடும். தானியத்தையோ மாவென்றும் தவிடென்றும் நொய்யென்றும் மூன்று பெயராக்கி, மூன்றையும் கீழே தள்ளிவிடலாம். பெயரிலும் சூது உண்டு. அமெரிக்க விதிப்படி "மாட்டிறைச்சியுடன்" என்றிருந்தால் நூற்றுக்கு 3 பங்கு இருந்தாற் போதும். "மாட்டிறைச்சிச் சுவை" என்றால் சுவை தெரியுமளவு இருந்தாற் போதும்!

அடுத்து வருவது சத்துக் கணக்கு. இதனைத் தோட்டத்தாருக்கு விளக்குவது நகரத்தாருக்கு விளக்குவதினும் எளிது. பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். கொட்டாயில் பாலை நிறுத்தவுடன் கூலி கணக்காகாது. அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்தே எழுதுவார்கள். ஏனெனில் நூறு பங்கு பாலில் ரப்பர் முப்பது, நாற்பது பங்கே. எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். தண்ணீர் ஊற்றிய பால் வாளியை நிறைக்கும், கணக்கை நிறைக்காது. தீனியும் அவ்வாறே. ஒரு டின் தீனியில் புரதம் நூற்றுக்கு 8 என்றும், மூட்டைத் தீனியில் 20 என்றும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூட்டையே மேலென்று தோன்றும். டின்னில் ஈரம் 78 பங்கு. நீரைக் கழித்தால் உலர்ந்த பொருள் 22. அதில் 8 என்றால் நூற்றுக்கு 36. மூட்டையில் ஈரம் 10. உலர்ந்த 90இல் 20 என்றால் நூற்றுக்கு 22. உலர்ந்த கணக்கில் டின்னே சத்து மிக்கது. ஆனால் காசு கொடுத்து வாங்குவது முக்காற்பங்குக்கு மேல் நீர்! அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த அளவின்படி, வளர்ந்த நாய்க்கு உலர்ந்த கணக்கில் புரதம் 18, கொழுப்பு 5.5 பங்காவது வேண்டும். குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 22.5, 8.5 வேண்டும். ஆகவே மேற்சொன்ன மூட்டை வளர்ந்த நாய்க்குப் போதும். குட்டிக்குச் சற்றே குறைவு.

ஆயினும் எண்ணை மட்டும் நம்புவது பேதைமை. கணக்கெழுதுபவனே இதைச் சொல்கிறேன். புரதத்தை நேரே அளப்பதில்லை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணிப்பதே வழக்கம். 2007இல் இவ்வழக்கத்தையே ஒரு கூட்டத்தார் பிழைப்பாக்கிக்கொண்டனர். சீனத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற கோதுமைப் பசையத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தனர். அது உணவன்று; ஆனால் நைட்ரஜன் மிகுந்தது. கணக்கிலே புரதம் உயர்ந்தது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. அவ்வாண்டு மார்ச்சு மாதம் தொடங்கிப் பற்பல பெயர்களில் விற்ற தீனிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. மலிவுச் சரக்கோடு உயர்ந்த விலைச் சரக்கும் அதில் அகப்பட்டது. ஒரே ஆலையில் பல பெயர்கள் பிறந்தமையே காரணம். ஆகவே செய்தவர் யார், எங்கே, எந்தத் தொகுதி எண் என்பன தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும்.

விலையுயர்ந்த நாகரிகங்களுள் ஒன்று "தானியமில்லாத் தீனி". தானியத்தை நீக்கிப் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் இட்டு, அதற்கு இரட்டிப்பு விலை வைத்தனர். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார், இத்தகைய தீனி தின்ற நாய்கள் சிலவற்றுக்கு இருதயம் பெருத்துத் தளரும் நோய் கண்டிருப்பதாக அறிவித்து ஆராயத் தொடங்கினர். இதுதான் காரணமென்று அறுதியாக நிலைநாட்டப்படவில்லை. எனினும், சோற்றைக் கண்டு பல்லாயிரம் ஆண்டு வளர்ந்த நாயைச் சோற்றினின்று காப்பாற்றுவதற்கு மிகைவிலை கொடுக்க வேண்டிய அவசியம் எனக்கு விளங்கவில்லை.

"அப்படியானால் வீட்டிலேயே சமைத்துவிடலாமே" என்பீர்கள். சமைக்கலாம், ஆனால் எளிதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நூல்களிலும் பிற இடங்களிலும் வெளியான 200 நாயுணவுச் சமையற்குறிப்புகளைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 95 குறிப்புகளில் இன்றியமையாச் சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. முழுச் சமையலே வேண்டுமென்போர் குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரு கால்நடை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொள்வதே தக்கது. சுண்ணாம்புச் சத்துக்கு முட்டையோட்டை உலர்த்தி மையாக அரைத்துச் சேர்ப்பதுண்டு. ஒரு முட்டையோட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். நம்மவர் பெரும்பாலும் செய்வதோ சமையலன்று. தம் இலையில் மிஞ்சியதை வழித்திடுவது. அதிலே வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இரண்டும் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைப்பவை. கருவாட்டுத் தலையிலே உப்பு. கறிக்கோழியின் வெந்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் பிள்ளைகள் அன்பால் ஊட்டும் நஞ்சுகள். தேய்பிறை அட்டமியில் வைரவர் வாகனமென்று ரொட்டி வாங்கித் தெருநாய்க்கு இடுவோர், மறுநாள் அதே நாயைக் கல்லால் எறிவதையும் கண்டிருக்கிறேன். மற்ற நாள்களில் அது எதைத் தின்னுமென்று அவர்கள் நினைப்பதில்லை போலும்!

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பங்களாக் கட்டுரையாகிவிடும். கருத்தடை செய்யப்பட்ட, 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கிலோகலோரி வேண்டும். கிலோ 8 ரிங்கிட் விலையில் நூறு கிராமுக்கு 320 கிலோகலோரி தரும் தீனி ஒன்று. கிலோ 11 ரிங்கிட் விலையில் 400 தரும் தீனி மற்றொன்று என்று கொள்வோம். முதலாவது நாளுக்கு 266 கிராம் செல்லும். செலவு 2 ரிங்கிட் 13 சென். இரண்டாவது 213 கிராம். 2 ரிங்கிட் 34 சென். மூட்டை விலையில் மலையாகத் தோன்றிய வேறுபாடு, நாட் கணக்கில் 21 சென்னாகிவிட்டது. எனினும் மாதத்திற்கு 64 ரிங்கிட் என்பதே பலருக்குப் பாரம். 2025 முதல் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். முதியோர் பலருக்கு அதுவும் இல்லை. அவர்களிடம் உயர்ந்த தீனி வாங்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வளர்ந்த நாய்க்கென்று எழுதப்பட்ட நடுத்தர முழுமைத் தீனியைத் தேர்ந்து, அளந்து இட்டால் போதும். பத்தில் ஒரு பங்குவரை வெறுஞ்சோறோ வெந்த பூசணியோ முட்டையோ கலக்கலாம். அதனால் சமன்பாடு கெடாது. அளவே பாதி மருந்து. 48 லாப்ரடார் நாய்களைப் பிறப்பு முதல் இறப்பு வரை கவனித்து 2002இல் வெளியான ஆராய்ச்சியில், உடன்பிறந்தவற்றைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. விலாவின்மேல் கை வைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்படவேண்டும். கண்ணுக்கு எண்ணத் தெரியக் கூடாது. இதற்குத் தராசும் வேண்டாம், இங்கிலீசும் வேண்டாம்.

வீரனுக்குக் கால்நடை மருத்துவர் உண்ணிக்கு மருந்து கொடுத்தார். சொறிக்குத் தீனி ஒன்றே காரணமன்றென்றும் சொன்னார். புதுத் தீனியைப் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து ஏழு நாளில் மாற்றினோம். திடீரென மாற்றினால் வயிறு கழியும். பழைய மார்ஜரின் டப்பா ஒன்றில் நான் மையால் கோடிட்டுக் கொடுத்தேன். பாட்டி கோட்டுக்கு மேல் ஒரு மணியும் இடுவதில்லை. மூன்றாம் மாதத்தில் முதுகில் மயிர் அடர்ந்துவிட்டது.

சென்ற வாரம் பாட்டி மீண்டும் ஆபீசுக்கு வந்தார். கையில் பை இல்லை. பேத்திக்குத் தேநீரில் கலக்கும் பால் டின் இருந்தது. முன்புறத்தில் பசுவும் புல்வெளியும். "தம்பி, வீரனுடையதைத் திருப்பிப் பார்த்தீர்களே, இதையும் திருப்பிப் பாருங்கள்" என்றார். திருப்பினேன். முதலில் நின்றது சீனி. பாற்பொடிக்கு முன்னே நின்றது, எங்கள் தோட்டத்திலும் நாள்தோறும் குலைகுலையாய் வெட்டி ஏற்றும் செம்பனையின் எண்ணெய்.